ரங்கூன் கத்தி

வெற்றிலைக் காம்பைப் பல்லால் கடித்துத் துப்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி இருந்தால் காம்பை அழகாக நறுக்கி எறிந்துவிடலாம். காலையில் வேட்டியைக் கட்டியதும் ஒரு கத்தியைச் செருகிக்கொள்வது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். வேப்பங்குச்சி ஒடிக்க, ஆட்டுக்குத் தழை அறுக்க, காலில் தைத்த முள்ளை எடுக்க, மூட்டையின் வாயைப் பிரிக்க என்று காடுகரை பார்க்கிற சம்சாரிக்கு அதனால் நாள் முழுக்கக் காரியம் ஆகும்.

அந்த ரங்கூன் கத்தி என் கைக்கு எப்படி வந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன். ஆனால் என்னைப் பற்றித் தெரியாமல் அதை மட்டும் கேட்டால் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் கருத்தக்கண்ணன். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு மானாவாரி நிலமும் ஒரு கிணற்றுத் தோட்டமும் இருக்கின்றன. குடிப்பழக்கம் கிடையாது. வேலைக்காரர்களை அடித்ததில்லை. எனக்கென்று இருந்த ஒரே ஆசை கத்தி. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனால் எல்லோரும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பார்கள். நான் விளக்குத்தூண் பக்கத்துக் கத்திக் கடைகளில் நின்றுகொண்டிருப்பேன். மான்கொம்புப் பிடி, எருமைக்கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, சீமையிலிருந்து வந்த இரட்டை அலகு, எல்லாம் என்னிடம் உண்டு. பெட்டியில் வைத்துப் பூட்டி அழகு பார்க்கிறவன் இல்லை நான். தினம் ஒன்றை எடுத்து வேலை வாங்குவேன்.

சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது நல்ல கத்தி இருப்பது தெரிந்தால் போய்க் கேட்பேன். எவரிடமிருந்தும் பிடுங்கியதில்லை. கேட்டேன், கொடுத்தார்கள். நான் கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

சின்னக்கருப்பன் எங்கள் தோட்டத்திலேயே பாடுபட்ட குடும்பம். அவன் அப்பன் என் அப்பாவின் முன்னால் தோளில் துண்டு போட்டு நின்றதில்லை. சின்னக்கருப்பன் கல்யாணம் முடித்த கொஞ்ச காலத்தில் பெண்டாட்டி தங்கப்பொண்ணை இங்கே விட்டுவிட்டுத் தம்பி சின்னானோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அவள் எங்களிடம் களையெடுத்துக் காலம் தள்ளினாள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அண்ணன் தம்பி பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்துப்போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். ஆடி மாதம் ஒருநாள் எலும்பும் தோலுமாக ஒருவன் தோட்டத்து வரப்பில் வந்து நின்றான்.

"அண்ணே, கும்பிடுறேன். உசுரோட வந்துட்டேன்" என்றான்.

அவன் அப்பன் எங்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவான். இவன் அண்ணே என்றான். அங்கெல்லாம் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வேலையும் கொடுத்தேன்.

அவன் உடம்பு தேறி வந்த சமயம். மத்தியான வேளையில் வரப்பில் உட்கார்ந்து தங்கப்பொண்ணுக்கு வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கத்தியைப் பார்த்தேன். பழுப்பேறிய எலும்புப் பிடி, உள்ளங்கை நீளத்துக்கு அகலமான அலகு. விரித்தால் உள்ளிருந்து ஒரு இரும்பு நாக்கு வந்து விழுந்து அலகைப் பூட்டிக்கொள்ளும். அதை அழுத்தினால்தான் மடங்கும். அப்படி ஒன்று என்னிடம் கிடையாது.

"எங்கடா வாங்குன?"

"ரங்கூன்ல ஒரு கப்பக்காரன் குடுத்ததுண்ணே."

"எனக்குக் குடுத்துரு. கெடேரிக் கன்னு ஒண்ண ஓட்டிட்டுப் போ."

அவன் சிரித்தான். "ஒங்ககிட்ட இல்லாத கத்தியாண்ணே?"

"இந்த மாதிரி இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. "ரங்கூன்லேர்ந்து நடந்து வந்த காட்டுல இத வெச்சு மூங்கக்குருத்து வெட்டித்தாண்ணே தின்னோம். தம்பி மலையிலயே காய்ச்சல்ல போயிட்டான். மம்பட்டி ஏது, கடப்பாரை ஏது? இத வெச்சுத்தான் மண்ணக் கெளறி அவனப் பொதச்சேன். இத மட்டும் கேக்காதீங்கண்ணே. வேற என்ன வேணாலும் கேளுங்க."

நியாயமான பேச்சு. நான் மறுபடி கேட்கவில்லை. பெட்டியைத் திறக்கும்போது மட்டும் உள்ளே இருந்த கத்திகளெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிய ஆரம்பித்தன.

மாசியில் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தபோது செவலை மாடு கால் இடறி விழுந்தது. நுகத்தோடு சேர்த்துக் கழுத்தில் கட்டியிருந்த பூட்டாங்கயிறு இறுகி மாட்டுக்கு விழி பிதுங்கிவிட்டது. கமலை ஓட்டிக்கொண்டிருந்தவன் மொக்கையன், என் சித்தப்பா மகன். அவன் கத்தினான். நான் ஓடி என் மான்கொம்புக் கத்தியை எடுத்துக் கயிற்றில் வைத்து அழுத்தினேன். நனைந்த கயிறு. கத்தி பின்னால் மடங்கி என் விரல்களையே கடித்துவிட்டது. அதற்குள் சின்னக்கருப்பன் வந்து ஒரே இழுப்பில் அறுத்தான். மாடு மூச்சு விட்டது. அவன் தன் துண்டைக் கிழித்து என் விரல்களைச் சுற்றிக் கட்டினான்.

"நல்ல கத்திதாண்ணே. பூட்டு இல்ல, அதான்" என்றான்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் என் பெண்டாட்டி மாயக்காள், "மாட்டக் காப்பாத்துனவனுக்கு ஒரு வேட்டியாவது எடுத்துக் குடுங்க" என்றாள். துணி கிடைக்காத யுத்த காலம். இருந்தும் அலைந்து ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தேன். அவனிடம் எனக்கு விரோதம் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா?

வைகாசியில் கிணறு வற்றியது. தூர் வாருவதற்கு முன்னால் அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். படிக்கட்டு பாதிக்குக் கீழே இடிந்துபோயிருந்ததால் கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கி ஏற வேண்டும். மொக்கையனைக் கூடை வாங்கிவரச் சந்தைக்கு அனுப்பியிருந்தேன். அதைத் திட்டம் என்று நினைக்காதீர்கள். கூடை தேவைப்பட்டது.

சின்னக்கருப்பன் வேட்டியை மடித்து வைத்தான். கத்தியை என்னிடம் நீட்டினான்.

"இதக் கொஞ்சம் வெச்சிருங்கண்ணே. சேத்துல நழுவுனா ஆயுசுக்கும் கெடைக்காது."

பூவரச மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து அவன் இறங்கிவிட்டான். நான் கத்தியை விரித்தேன். நாக்கு விழுகிற சத்தம் சின்னதாக, சுத்தமாகக் கேட்டது. கை கொள்ளும் கனம்.

"ஒரு பக்கந்தாண்ணே சேறு. இந்தப் பக்கம் பூராம் பாறை" என்று கீழிருந்து குரல் கொடுத்தான். பிறகு ஏற ஆரம்பித்தான். கயிறு இறுகி நின்றது. இறுகி நிற்கிற கயிறு அறுப்பதற்கு ரொம்பத் தோது. அவன் தலை தெரிகிற அளவுக்கு மேலே வந்துவிட்டான். எனக்கு மனதில் வேறொன்றும் இல்லை. அன்றைக்கு மாட்டின் கழுத்தில் எப்படி அறுத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அலகை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை.

பாறைமேல் விழுந்தான். உடனே சாகவில்லை.

"அண்ணே, கயிறு இத்துருச்சுண்ணே. இடுப்பு போச்சுண்ணே. ஆளக் கூப்பிடுங்க" என்றான்.

"கூப்பிடுறேன்டா, இரு" என்றேன்.

பூவரச நிழலில் உட்கார்ந்தேன். அலகில் நார் ஒட்டியிருந்தது. அதை எடுத்தேன். அவன் கூப்பிட்டபோதெல்லாம் பதில் சொன்னேன். வாராங்கடா என்றேன், இந்தா வந்துட்டாங்க என்றேன். தண்ணீர் கேட்டான். ஒரு மனிதனைச் சாகும் நேரத்தில் தனியாக விட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை நான். குரல் நிற்கிறவரை அங்கேயேதான் இருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. அறுந்த முனையைக் கல்லில் வைத்துத் தேய்த்துப் பிசிறாக்கிவிட்டு ஊருக்குள் ஓடினேன். ஓடும்போது அழுதேன். அது நடிப்பு இல்லை.

வந்து பார்த்த ஏட்டு இற்றுப்போன கயிறு என்று எழுதிக்கொண்டு போனார். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

தங்கப்பொண்ணு வந்து களத்து ஓரத்தில் நின்றாள்.

"சாமி, அவுக கத்தி ஒடம்புல இல்ல. நீங்க பாத்தீகளா?"

"இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் எறங்குனான். சேத்துல கெடக்கும்" என்றேன்.

தூர் வாரியபோது மேலே வந்த ஒவ்வொரு கூடைச் சேற்றையும் அவள் கையால் பிசைந்து பிசைந்து பார்த்தாள். "கொழுந்தனப் பொதச்ச கத்தி சாமி. அவுகளோட சேத்துப் பொதச்சிருக்கணும்" என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கத்தி அப்போது என் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் இருந்தது. ஒரு கத்தியை எடுத்துக்கொண்டால் அதை வைத்து வேலை செய்ய வேண்டும், ஐயா. யாரும் இல்லாதபோது அதில்தான் எல்லாம் நறுக்கினேன்.

மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஏறிய பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. சேற்று மேட்டைக் கிளறிவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஐப்பசியில் ஒருநாள் காலையில் மிதந்தாள். புருஷன் போன துக்கத்தில் விழுந்துவிட்டாள் என்றார்கள். அப்படி இல்லை. சேலையை வரிந்து கட்டியிருந்தாள். இரண்டு கையிலும் அடிச்சேறு இறுகிக் கிடந்தது. அவள் முங்கித் தேடியிருக்கிறாள்.

உடலைத் தூக்கும்போது சேலை முந்தி பூவரச வேரில் சிக்கிக்கொண்டது. மொக்கையன் தண்ணீரில் நின்றுகொண்டு, "அத அறுத்து விடுங்கண்ணே" என்றான். நான் படியில் இறங்கி நின்றேன். கை தானாக இடுப்புக்குப் போனது. விரித்தேன், அறுத்தேன். அப்புறம்தான் எல்லோரும் என் கையையே பார்ப்பது தெரிந்தது.

"அண்ணே" என்றான் மொக்கையன். "இது கருப்பன் கத்தியில்ல?"

ஆமாம் என்றேன். சேற்றில் கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

அன்றையிலிருந்து மொக்கையன் என் வீட்டுப் படி ஏறவில்லை. மாயக்காள் சோறு வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. கத்தியை உங்கள் மேசைமேல் வைத்துவிட்டேன். யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் இனி ஒருவரும் இல்லை. பிள்ளையும் கிடையாது.

கயிற்றை அறுத்தது நான்தான். ஆள் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அதற்கு எந்தத் தண்டனையானாலும் சரி. ஆனால் தங்கப்பொண்ணு செத்ததை என்மேல் எழுதாதீர்கள், ஐயா. அது நியாயமில்லை. அவள் இறங்கிய நேரத்தில் நான் தோட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெண்ணைத் தனியாக இறங்க விட்டிருப்பேனா? இடுப்பில் கயிறு கட்டி இறக்கியிருப்பேன். மேலே நின்று நானே பிடித்திருப்பேன்.