மாப்பிள்ளைக்குச் செய்த கண்ணாடி

— சிரிக்காதீங்க மச்சான். அஞ்சு நிமிஷம் அந்தப் பொம்மைகிட்ட சட்டைக்கு விலை கேட்டிருக்கேன். துணிக்கடையே நின்னு வேடிக்கை பாத்திருக்கு.

— சிரிக்கலை மாப்ளே, இருமல். நான் செஞ்சு உங்க மூக்குல மாட்டிவிட்ட கண்ணாடி அப்படி என்னதான் சொல்லுச்சு?

— ‘எதிரில் ஒரு பெண் நிற்கிறார்’னு காதுல சொல்லுச்சு. நானும் ‘ஏம்மா, நாப்பது சைஸ் இருக்கா’ன்னேன். பதில் இல்லை. கண்ணு தெரியாதவன்னா அவ்வளவு இளக்காரமான்னு ஒரு சத்தம் போட்டேன். அப்புறம்தான் கடைக்காரர் ஓடி வந்து, ‘சார், அது பிளாஸ்டிக்’னார்.

— தப்பு என்மேலதான். நேத்து ஒரு அப்டேட் அனுப்பினேன். வேகமா சொல்லணும்னு ரெண்டு சோதனையைத் தூக்கிட்டேன். அதுல ஒண்ணு, எதிர்ல இருக்கறது உசிருள்ள ஆளான்னு பாக்கறது.

— வேகமாத்தான் சொல்லுச்சு மச்சான். அதுல குறை சொல்ல மாட்டேன்.

— குத்துங்க, குத்துங்க. பதினஞ்சு வருஷமா ஏ.ஐ. ஏ.ஐ.ன்னு தொண்டை கிழியக் கத்தினவன் செஞ்ச லட்சணம் இது. சரி, என் தங்கச்சி, பாப்பா எங்க? அவ கூட வந்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காதே.

— இப்பல்லாம் நான் தனியாத்தானே போறேன். அதுக்குத்தானே செஞ்சு குடுத்தீங்க? உக்காருங்க, காபி போடறேன்.

— நீங்களா?

— அடுப்பு எரியுதா, பால் பொங்குதா, எல்லாம் இது சொல்லும். போன வாரம் தபால்ல ஒரு லெட்டர் வந்துச்சு. நானே படிச்சேன். முப்பத்தாறு வயசுல முதல் தடவை. வெறும் இன்சூரன்ஸ் விளம்பரம்தான். ஒரு வரி விடாம ரெண்டு தடவை படிச்சேன்.

— ஐயோ மாப்ளே. இந்த மாதிரி ஒண்ணு கேட்டா ரெண்டு நாள் சோறே வேண்டாம் எனக்கு. மூணாவது நாள்தான் பழையபடி தூக்கம் போயிடுது.

— தூக்கத்துக்கு என்ன கேடு?

— இந்தக் கண்ணாடிக்குப் பாக்கக் கத்துக்குடுத்தது பன்னெண்டு பேர். எங்க ஆபீஸ் மூணாவது மாடி. நாள் முழுக்க போட்டோ பாத்து, ‘இது குடை, இது குழந்தை, இது ஈரத் தரை’ன்னு எழுதுவாங்க. நாலு வருஷம். இப்ப அதுவே கத்துக்குது, நீங்க கெளம்பலாம்னு சொல்லியாச்சு. வழியனுப்பக் கேக் வெட்டினது நான். ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘கண்ணாடி நல்லா வந்திருக்கு சார்’னாங்க. திட்டியிருந்தா ரெண்டு துண்டு நிம்மதியா தின்னிருப்பேன்.

— தின்னீங்களா, இல்லையா?

— தின்னேன். சொரணை கெட்ட நாக்கு. நிம்மதிதான் இல்லை.

— இப்ப என்ன பண்ணப் போறீங்க?

— திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போட்டா இது பத்தாயிரம் வீட்டுக்குப் போகுது. நான் போடலைன்னா பக்கத்து சீட்டுக்காரன் போடப் போறான், அது வேற விஷயம். ஆனாலும் பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன். உங்களுக்குப் பேப்பர் படிக்கறது, ரோட்டுல கை புடிச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒம்பது வருஷம் ஓடினவ. என் தங்கச்சி கொஞ்சம் உக்காரட்டும்னுதானே இதை ஆரம்பிச்சேன்? என்னை மூஞ்சிக்கு நேரா திட்டற ஒரே ஆளும் அவதான். ‘நல்லதுதான் அண்ணா’ன்னு அவ வாயால கேட்டா போதும். எப்ப வருவா?

— வெளிய போயிருக்கா. சக்கரை எவ்வளவு?

— ஒரு ஸ்பூன். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாளே. எங்க போயிருக்கா?

— அந்த அப்டேட்டைச் சரி பண்ணிட்டீங்களா? அதைப் பாருங்க முதல்ல.

— பேச்சை மாத்தறீங்க. சரி, கழட்டிக் குடுங்க. உள் ரூம்ல போய் மாட்டிப் பாக்கறேன், அங்க பொம்மை இருக்காது. கண்ணாடி, என்ன தெரியுது சொல்லு.

— ஒரு கட்டில் உள்ளது. ஒரு தலையணை உள்ளது. அலமாரி திறந்திருக்கிறது. இடப்பக்கத் தட்டுகளில் சட்டைகள் உள்ளன. வலப்பக்கத் தட்டுகள் காலியாக உள்ளன.

— இன்னும் தப்பாத்தான் உளறுது மாப்ளே. இருங்க... இல்லை. சரியாத்தான் சொல்லுது.

— சரியாத்தான் சொல்லும்.

— எப்ப போனா?

— பதினெட்டு நாள் ஆச்சு. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கா. வேலை கெடைச்சிருக்கு, தனியா வீடு எடுத்திருக்கா. உங்ககிட்ட அவளே சொல்றேன்னா. காபி ஆறுது மச்சான்.

— காபி கெடக்கட்டும். சண்டையா?

— ஒரு சத்தம் இல்லை. அவ பேப்பர் படிக்கறப்ப குரல்ல ஒரு சிரிப்பு இருக்கும் மச்சான். துணுக்கு வந்தா ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நீங்க இதை மாட்டிவிட்ட அன்னிக்குச் சாயங்காலமும் அப்படித்தான் படிச்சுக்கிட்டிருந்தா. நான் அவ பக்கம் திரும்பினேன். ‘எதிரில் உள்ளவர் மிகவும் களைத்திருக்கிறார்’னு சொல்லுச்சு. கழட்டித் தொடைச்சுட்டுத் திரும்பப் போட்டேன். அதையேதான் சொல்லுச்சு.

— அந்த மூஞ்சி பாக்கற பகுதியை நம்பாதீங்க. நூத்துக்கு முப்பது தடவை தப்பு பண்ணும். எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?

— தப்பு பண்ணலை.

— மாப்ளே, இத்தனை நேரம் சுத்தி வளைச்சது போதும். ஒரே ஒரு கேள்வி, நேரா பதில் சொல்லுங்க. இந்தக் கண்ணாடியால என் தங்கச்சிக்கு நல்லது நடந்துச்சா, இல்லையா?

— நடந்துச்சு மச்சான். ‘கண்ணு தெரியாத மனுஷனை விட்டுட்டுப் போக மனசு வராமத்தான் ஒம்பது வருஷம் இருந்தேன், இப்பதான் எங்கண்ணன் உங்களுக்குக் கண்ணு குடுத்துட்டானே’ன்னு சொல்லிட்டுப் போனா.