மரணமில்லாத வாட்டு

எங்கள் வாட்டின் தரை எப்போதும் துப்புரவாக இருக்கும். விசாரிக்க வந்த நீங்கள்கூட வாசலில் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

நான் பொறுப்புத் தாதியாக வந்தபோது இந்த வாட்டுக்கு நல்ல பெயர் இல்லை. கை கழுவாமல் ஊசி போட்டார்கள். ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் திருத்தினேன். இளம் டொக்டர்மார் எனக்குப் பின்னால் மாமி என்று நக்கலடிப்பது தெரியும். ஆனாலும் கை கழுவினார்கள். பிறகு நோயாளர் பாதுகாப்புக்கென்று ஒரு விருது வைத்தார்கள். மரணமில்லாத வாட்டுக்குக் கேடயம். அது எங்களுக்குக் கிடைத்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேடயத்தைத் தக்கவைப்பதுதான் கஷ்டம். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சிலர் செத்துத்தான் போகிறார்கள். ஆபத்தான நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றுவது எல்லோரும் செய்வது. நான் கொஞ்சம் முந்திச் செய்தேன். அங்கே இறந்தால் அது அவர்களுடைய மரணம். அம்புலன்ஸில் இறந்தால் எந்த வாட்டுக்கும் சேராது. சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள்.

குலசிங்கம் கட்டைபறிச்சானில் வயல் செய்தவர். தண்ணீர் திருப்பப் போன இடத்தில் நாகம் கடித்திருந்தது. நடந்துதான் உள்ளே வந்தார். ஆனால் இமைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. மனைவி துஷாந்தி அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கண்ணைத் திறக்கச் சொன்னாள். விஷமுறிவு மருந்து ஏற்றினால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் பிரஷர் விழுந்துவிடும். அதற்கும் ஊசி இருக்கிறது. பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். பெரும்பாலும் என்ற சொல் எனக்குப் பிடிக்காது. அடுத்த கிழமை விருதுக்குழு வர இருந்தது.

டொக்டர் அப்ராஸ் மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

“முடிஞ்சுது டொக்டர். உடன அனுப்புவம்.”

அவர் புதிதாக வந்தவர். என் சொல்லை நம்பினார்.

துஷாந்தி அம்புலன்ஸில் ஏறும்போது கேட்டாள்: “மிஸ்ஸி, அங்க போனா இவர் தப்பிடுவார்தானே?”

“ஓம் பிள்ளை. அங்க எல்லா வசதியும் இருக்கு. பயப்பிடாதையுங்கோ.”

அதில் பொய் இல்லை. அங்கே எல்லா வசதியும் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது என்று சாரதி பிறகு சொன்னார். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சின்னதுகள்.

மருந்து பிரிட்ஜில் மேல்தட்டில் இருந்தது. அன்று காலை நானே பார்த்து அடுக்கியது. அடுத்த மாதம் அதற்குத் திகதி முடிந்தது. நானே எடுத்து முறைப்படி எறிந்தேன். திகதி முடிந்த மருந்தை வைத்திருந்து யாருக்காவது ஏற்றிவிட்டால், அது நோயாளியின் உயிரோடு விளையாடுவது.