பூ லாரியும் ஒரு பாட்டில் அரக்கும்

திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் குடியிருக்கும் சேக் மைதீன் மகன் ஜெகபர் சாதிக், வயது 34, தொழில் லாரி மெக்கானிக், 1958-ம் வருடம் மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பகலில் சப் இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதிய வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எங்கள் மார்க்கத்தில் குடி விலக்கப்பட்டது, நான் தொட்டதில்லை. இப்போது இந்த ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கும் செல்லக்கண்ணு உப்பிலியபுரத்துக்காரர், வாசலில் நிற்கும் பூ லாரியின் சொந்தக்காரரும் டிரைவரும் அவரே. சமயபுரத்தாளுக்குக் காப்புக் கட்டி, மஞ்சள் துணி உடுத்தி விரதம் இருக்கிறார். விரதம் தொடங்கியது முதல் பீடியைக்கூடத் தொடவில்லை. பூச்சொரிதல் நாளில் அவர் குடிகாரன் என்று அடைபட்டிருப்பதும், அவர் ஊர்க்காரர்கள் காசு போட்டு வாங்கிய பூ ஸ்டேஷன் வாசலில் லாரியோடு வாடுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வேகமாகச் சொல்கிறேன். மெதுவாகச் சொல்லும்படி எழுதுகிறவர் கையைக் காட்டுவதால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

அந்த லாரியின் பழைய கியர் தண்டு ஆடிப்போய், மேடு ஏறும்போது கியர் தானாகக் கழன்றுகொண்டிருந்தது. செல்லக்கண்ணு மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் நீளத் தண்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டச் சொன்னார். கம்பெனித் தண்டு அல்ல, வேறு வண்டித் தண்டு. நான் நடுவில் ஒரு இரும்புத் தகடு வைத்து, கியர்ப் பெட்டி மூடியின் மேல் ஆறு போல்ட்டில் பொருத்தினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது. திருச்சியில் இந்த வேலையை என்னைத் தவிர யார் செய்வார்கள் என்று நாலு பேரிடம் சொன்னேன். மறுநாளே பெட்டியிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. மூடிக்கு அடியில் வைக்கும் காகித பேக்கிங்கை மாற்றினேன், ஒழுகியது. எண்ணெய் அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன், அப்போதும் ஒழுகியது. நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு சமயபுரம் கிளம்பும்போது, கொள்ளிடம் பாலத்தில் எண்ணெய் தீர்ந்து பெட்டி இறுகிவிட்டால் பூவோடு நடுப்பாலத்தில் நிற்க வேண்டும் என்று பயந்து, செல்லக்கண்ணு என்னையும் கூட்டிக்கொண்டார். மாம்பழச்சாலையில் பாப்பாயி என்பவரின் டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி நான் அடியில் படுத்தேன். பெட்டியை முழுக்கத் துடைத்துவிட்டு, செல்லக்கண்ணு சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த முகப்பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி, மூடியைச் சுற்றித் தூவி, என்ஜினை ஓட விடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு இடம் கறுத்தது. பேக்கிங் அல்ல. பின்பக்கத்து இடது போல்ட். அதன் துளை மட்டும் பெட்டிக்குள் வரை திறந்து கிடக்கிறது, எண்ணெய் போல்ட்டின் திருகு மரை வழியாக ஏறி வெளியே வருகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து தலையை இடித்துக்கொண்டேன். மரையில் அரக்குப் பூசி முடுக்கினால் தீர்ந்தது. மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து ஒரு பாட்டில் எப்போதும் என் பையில் வைத்திருப்பேன்.

அடியில் இருந்தபடியே, "செல்லக்கண்ணு அண்ணே, அந்த அரக்க எடுங்க, சீக்கிரம் எடுங்க" என்று கத்தினேன். அவர் பாட்டிலை எடுத்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு வீரமலை அவர்கள் காதில் அது "சரக்க எடுங்க" என்று விழுந்திருக்கிறது. ஸ்டேஷன் எழுத்தர் சமயபுரம் பந்தோபஸ்துக்குப் போயிருப்பதால் இப்போது இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அந்த ஏட்டு அவர்களே.

அவர் வந்து பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தார். "விரதக்காரன் வேசம் போட்டுக்கிட்டுச் சரக்கா ஏத்துறே?" என்றார். செல்லக்கண்ணு, "ஐயா, அது பாயோட மருந்துங்க" என்றார். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து மாட்டிக்கொண்டவன் எல்லாம் மருந்து என்றுதான் சொல்கிறான் என்பது செல்லக்கண்ணுவுக்கு ஞாபகம் வரவில்லை. "மருந்துதானே, ருசி பாத்துருவோம்" என்று ஏட்டு பாட்டிலைச் சாய்த்தார். நான், "வாயில வைக்காதீங்கய்யா, ஒட்டிக்கும்" என்று அடியிலிருந்து சொன்னேன். அதற்குள் வைத்துவிட்டார்.

உடனே துப்பிவிட்டார், விழுங்கவில்லை. அதன் பிறகு என்னவோ சொல்ல வந்தார். உதடு பிரியவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. எனக்கும் பயம் வந்துவிட்டது. அரக்கு சோடாவில் இளகும் என்பதால் பாப்பாயியிடம் ஆப்பசோடா கேட்டு, வெந்நீரில் கரைத்து உதட்டில் ஒற்றிப் பிரித்து, பலமுறை கொப்பளிக்க வைத்தேன். பாப்பாயி, "எத்தன பேரு வாய அடைச்சிருப்பாரு, இன்னிக்குத்தான் அவரு வாய் அடைஞ்சிருக்கு" என்றார். இதை எழுத வேண்டியதில்லை என்று ஏட்டு அவர்கள் தலையை அசைத்தார். சப் இன்ஸ்பெக்டர் ஐயா எழுதச் சொன்னதால் எழுதப்பட்டது.

அதன் பிறகு, பாட்டில் செல்லக்கண்ணு கையில் இருந்த காரணத்தால் அவரை லாக்கப்பில் வைத்து, அவரிடம் சரக்குப் பிடிபட்டதாக ஏட்டு அவர்கள் ரிப்போர்ட் எழுதினார். வழக்குப் பதிவானால் லாரி பறிபோகும். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. இதுவரை சொன்னதும் எழுதுவதை நடுவில் நிறுத்தச் சொல்லி, நான் சப் இன்ஸ்பெக்டர் ஐயாவிடம், இது குடிக்கிற வஸ்துவா பூசுகிற வஸ்துவா என்று கண்ணெதிரில் காட்டுகிறேன் என்று கேட்டு, அனுமதி பெற்று, பாட்டிலில் மீந்ததை அந்த ஒரு போல்ட்டின் மரையில் பூசி முடுக்கி, காயவிட்டு, என்ஜினை ஓட்டினேன். ஐயா அவர்களே செய்தித்தாளை விரித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒரு சொட்டும் விழவில்லை. மேலே கூடையிலிருந்து ஒரு சாமந்தி மட்டும் விழுந்தது. நான் குதித்தது உண்மை, ஸ்டேஷன் என்பதை மறந்துவிட்டேன்.

ரிப்போர்ட்டைத் திருத்தும்படி ஐயா சொன்னதன் பேரில், ஏட்டு அவர்கள் வாய் பேசாமல் 'சரக்கு' என்பதில் முதல் எழுத்தை அடித்து 'அ' என்று எழுதி, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து லாக்கப்பைத் திறந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து இதை எழுதுகிறார். செல்லக்கண்ணு அவரைக் கும்பிட்டுவிட்டுப் பூவின் மேல் தண்ணீர் தெளிக்கப் போனார்.

இதில் கண்டதெல்லாம் நான் சொன்னபடி நடந்தவை. படித்துக் காட்ட ஏட்டு அவர்களுக்கு இன்னும் வாய் சரியாக வராததால் நானே படித்துப் பார்த்துக்கொண்டேன். சரியாக இருக்கிறது. வெளியே லாரி ஹாரன் அடிப்பதால் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது, அதுவும் என்னுடையதே.

(ஒப்பம்) ஜெகபர் சாதிக்