மாடி வீட்டுப் பொண்ணு எழுதின பேரு

இல்லைங்க, தையல் கடைன்னா துணி கிடக்கத்தான் செய்யும், ஓரமாத் தள்ளிட்டு உட்காருங்க. ஆனா அந்தத் தாள்ல கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. நீங்க ஆஸ்பத்திரி ஆளா, போலீசா, அதை முதல்ல சொல்லுங்க.

ரெண்டும் இல்ல, வீடு வீடா வர்ற மனநல உதவி ஆளா? பின்ன எதுக்கு மாடி வீட்டுப் பொண்ணப் பத்தி என்கிட்ட விசாரிக்கிறீங்க? அவ அப்பா இருக்காரு, அவர்கிட்டக் கேளுங்க.

கேட்டாச்சா. சரி. இனிமே அவள ஆஸ்பத்திரியில அடைச்சு வைக்க மாட்டாங்க, வீட்டுல வச்சு அக்கம்பக்கத்து ஆளுங்கதான் பாத்துக்கணும், அதானே? கேக்க நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் தலையில விழும்? நீங்க பைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க.

வருவா. தினம் மத்தியானம் வந்து, இந்த ஸ்டூல்லதான் உட்காருவா. பட்டன் தைப்பா. பேச மாட்டா, நானும் நோண்ட மாட்டேன். சில நாள் கை நடுங்கும். ஊசிய வாங்கி வச்சுட்டு ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வைப்பேன். அவ்வளவுதான். இதுக்குப் பேரு வைத்தியமா?

இந்தத் தாள்ல, மனசு கட்டுமீறிப் போனா யாரைக் கூப்பிடணும்னு கேட்ட இடத்துல என் பேரா? அவளே எழுதினாளா? நீங்க சொல்லிக் குடுத்து எழுதலையே? காட்டுங்க... அவ எழுத்துதான். உறவுமுறைங்கற இடத்துல அத்தைன்னு போட்டிருக்கா. நான் எந்த வழியில அவளுக்கு அத்தை?

இதுல ஏதோ உள்ளடி இருக்கு. என் வாயப் பிடுங்கத்தான் வந்திருக்கீங்க. சரி, கேட்டுக்கோங்க. போன வருஷம் மொட்டை மாடிச் சுவர் மேல ஏறி நின்னாளே, அன்னிக்கு அவள இறக்கினது அவ அப்பா. மறுநாள் யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டது நான். நாலு பேரு வந்து கையக் கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. நான் இந்தக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள நின்னேன். அஞ்சு மாசம் கழிச்சு வந்தா. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா என் பேர எழுதுவாளா?

என்ன சொன்னீங்க?

போன் போட்டது நான்தான்னு அங்க சேர்த்த அன்னிக்கே அவகிட்டச் சொல்லிட்டாங்களா. அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் தினம் இங்க வந்து உட்கார்றாளா.

தண்ணி குடிக்கறீங்களா? இல்ல, எனக்குத்தான் வேணும்.

என் பேருக்குப் பக்கத்துல எழுதியிருக்கற நம்பரக் கோடு போட்டு அடிச்சிடுங்க. அது கடை நம்பர், பூட்டினப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க. வீட்டு நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க.