சாவு வீட்டு அடுப்பைக் கண்டறிந்த கணினி

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் முருகையா அவர்களே, ரந்தாவ் வட்டாரத்துச் செம்பனைக் காடுகளைக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்படியை ஆள்வதால் அகிலத்தையே ஆளும் தாய்மார்களே, கைப்பேசியை ஒரு கண்ணாலும் என்னை மறு கண்ணாலும் பார்க்கும் பின்வரிசை இளைஞர்களே, அனைவருக்கும் இந்த அர்ச்சுனனின் அன்பு வணக்கம்.

என் அண்ணன் மகன் யோகேந்திரனின் கேஸ் கடைக்கு இன்று இரண்டாவது லோரி இறங்குகிறது. ஏன் இறங்குகிறது? அதைச் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

பெருந்தரவு, பகுப்பாய்வு என்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறார்களாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. ஆனாலும் அதைக் கண்ணால் கண்டவன் நான். எங்கே கண்டேன்? அமெரிக்காவிலா? ஜப்பானிலா? பக்கத்து ஊரான மம்பாவில், யோகேந்திரனின் கேஸ் கடைப் பின்னறையில் கண்டேன்.

சென்ற ஆண்டு ஒரு பெரிய கம்பெனி நம் பக்கம் புகுந்தது. வாடிக்கை வடிந்தது. இருந்த ஒரே லோரியை அந்தக் கம்பெனிக்கே விற்றுவிட யோகேந்திரன் துணிந்தான். லோரி போனால் கடை போகும். ஓட்டுநர் சுகுமாறனின் பிழைப்பும் போகும்.

என் மகள் ஷாமினி தடுத்தாள். "அண்ணே, ஒரு மாசம் பொறுங்கலா. எத்தனையோ வருச ஆர்டர் எல்லாம் போன்லயே கெடக்கு. கணினிக்குக் குடுத்துப் பாப்போம்."

கொடுத்தாள். கடல் மணலை எண்ணினாலும் எண்ணலாம், அந்தக் கணக்கை எண்ண முடியாது. அத்தனையையும் கணினி ஒரே மூச்சில் விழுங்கியது. இன்னார் வீட்டில் வெள்ளிக்கிழமை கேஸ் தீரும் என்றது. தீர்ந்தது. அடுத்த முறை கேஸ் உருளை, அதாவது நம் தோம்பு, காலியாகும் முன்பே வாசலில் லோரி நின்றது. எனக்கு மெய் சிலிர்த்தது, ஐயா.

என்ன கேட்கிறீர்கள், நீலாவதி? என்ன குழம்பு வைக்கிறோம் என்றும் தெரியுமா என்றா? தெரியாதம்மா. தெரிந்திருந்தால் தினமும் உங்கள் வீட்டில்தான் நான் சாப்பிட்டிருப்பேன்.

இப்படி இருக்கையில், வள்ளியம்மா வீட்டுக்குக் கணினி சிவப்புப் புள்ளி வைத்தது. நாள் கடந்தும் ஆர்டர் இல்லை. கேட்டால் பதிலும் இல்லை.

"கம்பெனிக்காரன் இழுத்துட்டான்," என்றான் யோகேந்திரன். இழுத்தவனிடமிருந்து மீட்கப் புறப்பட்டான். லோரிக்குப் பலூன் கட்டினான். லட்டுப் பெட்டி எடுத்தான். பாட்டை அலறவிட்டுக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குள் நுழைந்தான்.

வாசலில் பந்தல். வள்ளியம்மாவின் கணவர் இறந்து நாலு நாள்தான் ஆகியிருக்கிறது.

பக்கத்து வீட்டு லெட்சுமி வெளியே வந்தார். "பாட்ட நிறுத்துடா. சாவு வீட்டுல அடுப்பு எரியாதுன்னு தெரியாது உனக்கு? உங்கம்மா செத்தப்ப யார் வீட்டுச் சோறுடா தின்ன?"

"அத்தை, கணினிதான்..."

"கணினிக்கு ஆத்தா அப்பன் கெடையாது. ஒனக்குமா?"

லட்டோடு திரும்பினான். "போதும் ஷாமினி. நாளைக்கு லோரிய குடுத்துர்றேன்," என்றான்.

அவள் கணினியை விட்டு எழவில்லை. லெட்சுமியின் வீட்டையும் அண்டை வீடுகளையும் தேடினாள். எல்லார் வீட்டிலும் கேஸ் முன்னதாகவே தீர்ந்துகொண்டிருந்தது. பழைய கணக்கைப் புரட்டினாள். தோட்டத்துக்குத் தோட்டம் அதே தடம்.

"அண்ணே, இங்க பாருங்க. ஒரு அடுப்பு அணைஞ்சா சுத்தியுள்ள அடுப்பெல்லாம் ரெண்டு மடங்கு எரியுது. நம்ம சனங்க சோறு ஆக்கிக் குடுக்குறாங்க. இதுவும் கணக்குல இருக்கு."

பெரியோர்களே, நான் வாயடைத்து நின்றேன். என் வாய் அடைத்ததை என் மனைவியே பார்த்ததில்லை. யாரும் சொல்லிக் காட்டாத ஈரம், யாரும் எழுதி வைக்காத இரக்கம், எண்ணாக எழுந்து எங்கள் முன்னே நின்றது. தரவு கம்பெனிக்காரனிடம் இல்லையா? மலை மலையாய் இருக்கிறது. அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டானா? கேட்கவில்லை. கேட்டவள் என் மகள்.

அன்றே புதிய சேவை பிறந்தது. அந்தத் தடம் தெரிந்தால் ஷாமினி முதலில் அண்டை வீட்டாரை அழைத்து விசாரிப்பாள். துக்கம் என்றால் பாட்டில்லாமல், பலூனில்லாமல் லோரி போகும். சோறாக்கும் வீடுகளுக்கு நிறைந்த தோம்பு. கருமாதி முடியும்வரை பெரிய அடுப்பு இரவல். முதலில் போனது லெட்சுமியின் வீட்டுக்குத்தான். தோம்பை இறக்கிய சுகுமாறனிடம், "உள்ள வாய்யா, நீயும் சாப்ட்டுப் போ," என்றார் அவர்.

அந்த லயம் மறுபடி நம் கடைக்கே திரும்பியது. அடுத்த தோட்டம் திரும்பியது. ரந்தாவே திரும்பியது. தள்ளிப்போட்ட லோரி விற்பனையை முடிக்கக் கம்பெனி ஆள் மறுபடி வந்தபோது யோகேந்திரன் சொன்னான்: "இது விக்கிறதுக்கு இல்ல பாஸ். ஒங்ககிட்ட ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நான் வாங்கிக்கிறேன்."

அப்படி அவர்களிடமே வாங்கிய லோரிதான் வாசலில் நிற்கிறது. கம்பெனியின் பெயரை அழித்த சாயம்கூட இன்னும் காயவில்லை, சாய்ந்துவிடாதீர்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, உங்கள் அடுப்புகள் மங்கலத்துக்கே எரிய வாழ்த்தி அமர்கிறேன், வணக்கம்.