தவறிப்போய் விழுந்த சால்வை

இத்தனை நாள் வாய்மூடிக் கிடந்தது போதும். வெள்ளிக்கிழமை நம் தொழிற்சாலையில் நடந்த தலைமைப்பண்பு விழாவில் ஒலிவாங்கி என் பக்கம் வரவே இல்லை. வந்திருந்தால் பேசியிருக்க வேண்டியதை இந்தக் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் பேசுகிறேன்.

தலைமை நாற்காலியைத் தவிர வேறு நாற்காலியில் அமர்ந்தறியாத பொது மேலாளர் ஸம்பத்குமார் அவர்களே! கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கே முளைக்கும் சங்கச் செயலாளர் மோகன்ராஜ் அவர்களே! கும்மிடிப்பூண்டியின் புகையைக் குடித்தே நரைத்துப்போன பெரியவர்களே! வீட்டில் ஒரு ஷிப்ட், இங்கே ஒரு ஷிப்ட் பார்க்கும் தாய்மார்களே! தட்டோடு நின்று படிப்பவர்களே, தள்ளாதீர்கள், சாம்பார் தீராது. அனைவருக்கும் வணக்கம்.

தலைமை என்றால் என்ன?

தொலைநோக்கு என்றார் பொது மேலாளர். இருபது ஆண்டு கழித்து இந்தத் தொழிற்சாலை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிகிறதாம். தெரியட்டும், மகிழ்ச்சி! அரங்குக்கு வெளியே மழை கொட்டியதுதான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னால் நிற்பதே தலைமை என்றார் செயலாளர். நிற்கிறாரே! எந்தப் படத்தில் அவர் பின்னால் நின்றிருக்கிறார்? தலைவன் என்பவன் எல்லோருக்கும் கடைசியில் உண்பவன் என்றார் பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர். சொல்லிவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம்!

இவர்கள் முழங்கிய வேளையில் பெண்கள் போகும் கம்பெனி பஸ் எங்கே? காலி நாற்காலிகளை நிரப்பக் கல்லூரி மாணவர்களை ஏற்றிவரத் திருவள்ளூருக்குப் போயிருந்தது. அந்தப் பஸ்ஸில் சோழவரம் போக வேண்டிய பெண்கள் எங்கே? கேட்டில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மேடையேறினார் பேக்கிங் பிரிவு ஈஸ்வரி. நம் மேடையின் மரபு உங்களுக்குத் தெரியாதா? ஏறியவர் யாராயினும் முதலில் சால்வை, அப்புறம்தான் விசாரிப்பு. மோகன்ராஜின் கை தானாக நீண்டு ஒரு சால்வையைப் போர்த்தியது.

"வாங்கம்மா, வாங்க! கைதட்டுங்கப்பா!"

"ஐய, சால்வை இன்னாத்துக்கு? எங்க பொண்ணுங்க பஸ்ஸு எங்க சார்? எல்லாம் மழைல நின்னுக்கினு கீதுங்க."

"கேமராவப் பாத்து கொஞ்சம் சிரிம்மா!"

"நான் இன்னா கல்யாணப் பொண்ணா, சிரிச்சிக்கினு நிக்க? பஸ்ஸ வரச் சொல்லு நைனா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பொது மேலாளரும் பல் தெரியச் சிரித்தார். படம் எடுத்து முடிந்த பிறகுதான் பக்கத்தில் குனிந்து, "யாருப்பா இந்தம்மா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஈஸ்வரி பணியிடை நீக்கம். குற்றம் என்ன? அனுமதியின்றி மேடையேறினாராம், தகுதியின்றிச் சால்வை பெற்றாராம். சான்று என்ன? அந்தப் படமே! போர்த்திய கை அடுத்த மேடையில் விழப்போகும் மாலைக்குக் காத்திருக்கிறது. போர்த்தப்பட்ட தோள் வீட்டில் முடங்கிக் கிடக்கிறது. நாளைக் காலை விசாரணை. தீர்ப்பு இன்றே தயார் என்கிறார்கள். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

ஒன்று கேட்கிறேன். ஈஸ்வரி எந்தப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார், யாருக்காவது தெரியுமா? எந்தப் பஸ்ஸிலும் இல்லை. அவர் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னாலேயே இருக்கிறது, நடந்து போய்விடுவார். தான் ஏறாத பஸ்ஸுக்காக அவர் மேடையேறினார். அதற்கு என்ன பெயர் என்று பயிற்சியாளரின் திரையில் வரவில்லை. அவர் வேறு படங்கள் வைத்திருந்தார்.

அன்று கைதட்டிய அவையோரே! தட்டிய கைகள் இன்று எங்கே? சட்டைப்பையிலா, சாம்பாரிலா? அன்று எழுந்த ஓசை பொய்யா? பொய் இல்லையென்றால் நாளை விசாரணை அறை வாசலுக்கு வாருங்கள். அவர் கேட்டது பஸ், நீங்கள் போர்த்தியது சால்வை என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் அவருக்கும் ஒரு நோட்டீஸ் வரும். முந்நூறு பேர் சொன்னால் நோட்டீஸ் அடிக்கத் தாள் போதாது!

ஆறிப்போன சோற்றோடு இவ்வளவு நேரம் நின்று படித்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.

கீழே பெயர் போடலாமா என்று யோசித்தேன். போட்டால், பதவி உயர்வு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பார்கள். எரிச்சல் உண்டு. படிப்பிலும் அனுபவத்திலும் எனக்குக் குறைந்தவர்கள் மூன்று முறை என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் என் பெயர் விழுந்தால் நாளைய பேச்சு ஈஸ்வரியை விட்டு என்மேல் திரும்பிவிடும். ஆகவே பெயரில்லாமலே ஒட்டுகிறேன். சாட்சி சொல்ல உள்ளே போகும்போது எப்படியும் பெயரைக் கேட்பார்கள். அங்கே சொல்லிக்கொள்கிறேன்.