எட்டு மணிக்கே எழுதிய அமைதி

ஓடுகிறேன். ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. பின்னால் கத்துகிறார்கள்.

"போமா! போமா!"

வங்காளத்தில் குண்டுக்கு அதுதான் பெயர். தேர்தல் நாள். காலை பத்து இருபது. துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் பக்கம் ஒரு சந்து. முதல் சத்தம் தகர டின்னைச் சுவரில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது என் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. சணல் சுற்றிய நாட்டுக்குண்டு. ஆணியும் கண்ணாடித் தூளும் பறக்கின்றன. குண்டு எறிகிற இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தெருக்காரர்கள். நேற்றுவரை ஒரே பெஞ்சில் டீ குடித்தவர்கள். தூ!

நான் ஆங்கிலப் பத்திரிகை நிருபர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான். கழுத்தில் அடையாள அட்டை ஆடுகிறது. அதைப் பார்த்து ஒதுங்கிப் போகும் குண்டு எதுவும் இல்லை.

"தீதி, உள்ள வாங்க! குனிஞ்சு வாங்க!"

டீக்கடை மினுதி. தீதி என்றால் அக்கா. ஏழரை மணிக்கு அவளிடம்தான் டீ குடித்தேன். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி மையைக் காட்டினாள். போன தேர்தலில் அவள் போவதற்குள் அவள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். "இந்தத் தடவ நானே போட்டேன்" என்று சிரித்தாள்.

என் தோளைப் பிடித்து உள்ளே இழுக்கிறாள். இடது கையால் ஷட்டரை இறக்குகிறாள். பாதி இறங்கியது. மூன்றாவது சத்தம்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வலது காதில் ஒரு விசில் மட்டும். கெட்டில் உருண்டு கிடந்தது. டீயும் ரத்தமும் ஒன்றாக ஓடின. மினுதி தன் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வரவில்லை. டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். துப்பட்டாவால் சுற்றிய கை என் மடியில். வழியெல்லாம் ஒரே கேள்வி.

"பேப்பர்ல வரும்ல, தீதி?"

"வரும்."

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லத்தான் கூசுகிறது. தேர்தல் நாளில் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செய்தியை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவோம். 'சிறு சம்பவங்கள் தவிர வாக்குப்பதிவு அமைதி.' சதவீதத்துக்கு மட்டும் இடம் விடுவோம். காலை எட்டு மணிக்குக் காரில் உட்கார்ந்து நானும் அதை எழுதி அனுப்பினேன். ஏதாவது நடந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

நடந்தது. பகல் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்து புதுச் செய்தி அனுப்பினேன். நாலு தடவை போன் செய்தேன். "போலீஸ் இன்னும் உறுதி பண்ணல. பாக்கலாம்" என்றார் செய்தி ஆசிரியர். நானும் நம்பினேன். வீட்டுக்குப் போய்க் குளித்தேன், சாப்பிட்டேன். சோறு எப்படி இறங்கியதோ!

மறுநாள் காலை மினுதியின் கணவருடன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அதிகாரி புகாரை வாங்கவில்லை. ஸ்டவ் வெடித்திருக்கும் என்றார். மேஜையிலிருந்த பேப்பரை எடுத்து விரித்தார்.

"உங்க பேர்தானே மேடம் இது? அமைதின்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

எட்டு மணிக்கு எழுதியது. ஒரு எழுத்து மாறவில்லை. சதவீதத்தை மட்டும் நிரப்பியிருந்தார்கள்.

மினுதியின் கணவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் பக்கம் திரும்பினார். "என்ன எழுதியிருக்கு, தீதி?"

படித்துச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் வெளியே போனார். என் முகத்தில் துப்பியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பேப்பரில் வராத கணக்கை இங்கே எழுதுகிறேன். என் செருப்பு ஒன்று. என் வலது காது. மினுதியின் ஷட்டர், கெட்டில், பெஞ்ச். மினுதியின் இடது கையில் மூன்று விரல்கள். அதில் ஒன்றில் மை இருந்தது.